கைக்கெட்டும் வீடும் மீண்டெழும் ஊரும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டுத்திட்டம் பற்றியும் அதற்கு வேண்டிய பொதுத் தலைமை பற்றியும் பேசும் கூட்டம் எங்கே நடந்தாலும் ஏறத்தாழ இதே கேள்விகளே எழுகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கங்களின் வழியாக இந்த விடயத்தோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கைக்கெட்டும் வீடு என்று எதைச் சொல்கிறீர்கள்? மலிவான வீட்டையா?

மலிவான வீடு வேறு, கைக்கெட்டும் வீடு வேறு. குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்காகச் செலவாகக் கூடாது என்பது பல நாடுகள் கைக்கொள்ளும் அளவுகோல். மாதச் சம்பளம் பெறுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் வயல் வெட்டுக் காலத்தில் கையில் பணமும் மாரியில் வெறுங்கையுமாக இருக்கும் கூலி விவசாயிக்கும், வாடைக் காற்றில் கடலுக்குப் போக முடியாத மீனவருக்கும் 30 சதவீதம் என்பது எந்த மாதத்தின் 30 சதவீதம் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. எனவே, ஆண்டில் மிக மோசமான மாதத்திலும் கடன் வாங்காமல் ஒரு குடும்பம் குடியிருந்து பராமரிக்கக்கூடிய வீடே நம் பகுதியில் கைக்கெட்டும் வீடு என்று நான் கொள்கிறேன். இலவசமாகக் கிடைத்த வீடுகூட, தொழிலிடத்துக்குப் போய்வர நாளாந்தம் முச்சக்கரவண்டிக் கூலி கேட்குமானால், கைக்கெட்டாத வீடுதான்.

பொதுத் தலைமை என்கிறீர்களே, அது யாருடைய தலைமை? அமைச்சருடையதா, அதிகாரியுடையதா?

இருவருடையதும்தான், ஆனால் இருவரோடும் முடிந்துவிடுவதில்லை. வீடமைப்பு அமைச்சு கொள்கையை வகுக்கிறது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை கடனையும் மானியத்தையும் வழங்குகிறது. காணி பிரதேச செயலாளரின் கையில் இருக்கிறது, கட்டட அனுமதி உள்ளூராட்சி சபையின் கையில் இருக்கிறது, யார் எந்த வளவில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார் என்ற செய்தி கிராம உத்தியோகத்தரின் கையில் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறையில் 20 பிரிவுகளும் இருக்கின்றன. ஒரு வீடு எழுவதற்குள் கோப்பு எத்தனை மேசைகளில் உட்கார்ந்து எழும்புகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்களுக்கே தலைமை என்ற சொல்லின் பொருள் விளங்கும்.

அரச கட்டமைப்புக்கு வெளியேயும் தலைமை இருக்கிறது. கோயில் நிர்வாகியான வண்ணக்கரின் சொல்லுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தின் முடிவுக்கும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியின் விடாமுயற்சிக்கும் நம் ஊர்களில் உள்ள வலு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதல்ல. ஆயினும், மக்களால் தாங்களாகவே செய்துகொள்ள முடியாத சில காரியங்களை அரசுதான் செய்ய வேண்டும். காணியைத் தீர்த்துக் கொடுப்பதும், பணத்தை உரிய காலத்தில் விடுவிப்பதும், உரிமையை உரியவரின் பெயரில் பதிவதும், வடிகானும் வீதியும் அமைப்பதும் அத்தகையவை. சுவரை எங்கே எழுப்புவது, சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்பவற்றை வீட்டுக்காரரிடம் விட்டுவிடலாம். நான் கண்ட அளவில், கெட்டுப்போன திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்தவை.

அரசே வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீராதா?

அதை இந்த நாடு செய்து பார்த்திருக்கிறது. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது குடியேற்றவாசிகளுக்குக் காணியும் வீடும் அரசே கொடுத்தது. இன்றைய அம்பாறை நகரம் அந்தத் திட்டத்தோடு வளர்ந்ததுதான். பிறகு ரணசிங்க பிரேமதாச பிரதமராக இருந்த காலத்தில், 1978 முதல் 1983 வரை, ஒரு இலட்சம் வீடுகள் திட்டம் நடைபெற்றது. அதற்கிடையில் 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அரசு நேரடியாகக் கட்டியபோது செலவு ஏறியது. தேவைப்பட்ட குடும்பங்களின் தொகையோ கட்டப்பட்ட வீடுகளின் தொகையைவிட மிகப் பெரிதாக இருந்தது.

அதிலிருந்துதான் 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் பிறந்தது. அரசு கட்டுவதை விட்டுவிட்டு, சிறு கடனையும் தொழில்நுட்ப ஆலோசனையையும் கொடுத்து, கட்டும் பொறுப்பையும் முடிவையும் குடும்பத்திடம் விட்டது. வடிகான், பொதுக் கிணறு போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அந்தந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்துப் பேறு. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அனுசரித்ததற்கு முன்மொழிவு இலங்கையிலிருந்தே சென்றது. உலகம் வந்து பார்த்துப் படித்துப் போன அந்த முறையை, 1983க்குப் பின் போருக்குள் சிக்கிய கிழக்கு ஊர்கள் முழுமையாக அனுபவிக்கவில்லை என்பது நம் பங்குக்கு விழுந்த வினை.

ஆழிப்பேரலைக்குப் பின் இவ்வளவு பணம் வந்தும் ஏன் இவ்வளவு குழப்பம்?

2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. சில வாரங்களுக்குள் அரசு எடுத்த முடிவு ஒன்று அடுத்த பல ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது. கடலோரத்தில் மீண்டும் கட்டக்கூடாத தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் கல்முனைக் கரையில் 200 மீற்றரை விலக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கொழும்பில் யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் மாதங்கள் கழிந்துவிட்டன, மாற்றுக் காணி தேடும் படலமும் தொடங்கிவிட்டது.

தடை வலயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு, முழுமையாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாயும் பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு ஒரு இலட்சமும் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டன. அவர்கள் தங்கள் வளவிலேயே தாங்களே கட்டினார்கள். வலயத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு உதவி நிறுவனங்கள் வேறிடத்தில் கட்டிக் கொடுத்தன. முதல் வகை வீடுகள் பொதுவாக விரைவாக முடிந்தன, ஆட்களும் குடியேறினார்கள். இரண்டாம் வகையில் நல்லவையும் உண்டு, ஆனால் பூட்டிக் கிடந்தவையும் உண்டு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நாக்கில் வாழ்ந்த நாவலடி மக்களில் பலருக்குத் திராய்மடுவில் இடம் கிடைத்தது. அலை எட்டாத இடம் என்ற வகையில் முடிவில் தவறில்லை. ஆனால் தோணியும் வலையும் கரையில் இருக்க, வீடு மட்டும் உள்ளே போனபோது, அதிகாலையில் கடலுக்குப் போகிறவர் எங்கே உறங்குவது என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை இருக்கவில்லை. காலப்போக்கில் வீதியும் பாடசாலையும் கடைகளும் வந்தன. மாவட்டச் செயலகத்தின் புதிய கட்டடமும் அந்தப் பக்கத்திலேயே எழுந்தது. இன்று திராய்மடுவைப் பார்ப்பவர் அது வெற்றிபெற்ற குடியேற்றம் என்று சொல்லலாம். அந்த வெற்றிக்கு எடுத்த காலத்தையும் கணக்கில் சேர்த்துச் சொன்னால் சரி.

நுரைச்சோலை வீடுகள் விடயத்தில் யார் மீது பிழை?

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்குப் பகிர்வது என்பது வழக்காகி, 2009இல் உயர் நீதிமன்றம் குறிப்பிட்ட ஒரு சமூகத்தவருக்கு மட்டும் வழங்குவதைத் தடுத்தது. அதன் பிறகு அந்த வீடுகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆளின்றிப் பற்றைக்குள் கிடந்தன.

இதை ஒரு சமூகத்தின் பிழையாகவோ மற்றதன் பிழையாகவோ பேசுவது மேடைக்கு வசதி. என் கருத்தில் பிழை அத்திவாரம் போடுவதற்கு முன்பே நடந்துவிட்டது. மூன்று சமூகங்கள் காணியை உயிராக மதிக்கும் மாவட்டத்தில், பயனாளிகள் யார், எந்த விதியின்படி தெரிவாவார்கள், அந்தக் காணிக்கு வேறு யார் உரிமை கோருகிறார்கள் என்பவற்றை எழுத்தில் தீர்த்து ஊரறிய அறிவித்த பின்னரே முதற் கல் நாட்டப்பட வேண்டும். அதைச் செய்யத் துணிவதுதான் தலைமை. கல் நாட்டுவதற்குத் துணிவு தேவையில்லை, புகைப்படக்காரர் ஒருவர் போதும்.

வீட்டு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், யாருடைய பெயரில் இருக்க வேண்டும்? இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?

ஏனெனில் இந்த விடயத்தில் கிழக்கின் வழக்கம் நாட்டின் பல பகுதிகளுக்கு நேர்மாறானது, அதைத் தெரியாமல் வெளியிலிருந்து வரும் எந்தத் திட்டமும் இங்கே ஒரு பெண்ணின் சொத்தைத் தட்டிப் பறித்துவிட்டே போகும்.

நம் பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண் பிள்ளைக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. கடைசியில் பெற்றோர் அதே வளவின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டுக்கோ கொட்டிலுக்கோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். பல தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளில் அக்காவும் தங்கையும் பெரியம்மாவும் சின்னம்மாவுமாகக் குடியிருப்பது இதனால்தான். சீதனத்தின் பெயரால் பெற்றோர் சுமக்கும் கடனைப் பற்றிக் கசப்பாகப் பேச நிறைய இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கணவன் குடித்தாலும் அடித்தாலும் வீட்டை விட்டு இறங்க வேண்டியவர் அவரே, அவளல்ல என்ற காவல் இந்த வழக்கத்துக்குள் இருந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. மனைவியின் சீதன வீடு கடலோடு போயிற்று, அதற்கு ஈடாக வந்த வீடு கணவரின் பெயருக்குப் போயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஒரு படிவத்தின் ஒரு கட்டம் செய்த வேலை. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்துகொண்ட இடங்களில், இறந்தவளின் பெண் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்ற வழக்கு இன்னும் வீட்டுத் திண்ணைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

அரச காணியில் சிக்கல் இதைவிடப் பழையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில், பின்னுரித்தாளர் (காணியை அடுத்துப் பெறுபவர்) நியமிக்கப்படாவிட்டால் ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது. தாய்வழியாக வீடு கைமாறும் ஊர்களில் ஆண்வழியாகக் காணி கைமாற வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2022இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆயினும், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்து, பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்வதே பாதுகாப்பு. அந்தக் காரியத்துக்கு ஒரு முற்பகல் போதும், அதைச் செய்யாததால் வந்த வழக்குகள் பத்து ஆண்டுகள் நடந்திருக்கின்றன.

இந்திய வீட்டுத்திட்டத்தைப் பலர் நல்ல முன்மாதிரி என்கிறார்களே, ஏன்?

2010இல் இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 மலையகத்துக்கும் என ஒதுக்கப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில், குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே ஐந்தரை இலட்சம் ரூபாய் வேலையின் முன்னேற்றத்துக்கேற்பத் தவணைகளாகச் சென்றது. மேசனைத் தேடுவதும், சீமெந்து வாங்குவதும், மணல் ஏற்றுவதும் குடும்பத்தின் பொறுப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து பார்த்து, சரியென்றால்தான் அடுத்த தவணை. பயனாளிப் பட்டியல் ஊரில் பகிரங்கமாக ஒட்டப்பட்டு ஆட்சேபம் கேட்கப்பட்டது. இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாததால் இடையில் கசியவும் வழி குறைந்தது.

குறை இல்லையா என்றால், உண்டு. புள்ளி முறையில் தெரிவு செய்தபோது, குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி இருந்ததால், தனித்து வாழும் முதியவர்களும் பிள்ளையில்லாத பெண்களும் பட்டியலின் அடிக்குப் போனார்கள். கட்டியவர்களில் பலரும் அத்திவாரத்தைக் கொடுத்த பணத்துக்கு மேல் பெரிதாகப் போட்டுவிட்டு, கூரை மட்டத்தில் கை வறண்டு நின்றார்கள். வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீடு, மகளுக்குக் கொடுக்கப் போகும் வீடு, அதைச் சிறிதாகக் கட்ட மனம் வருமா? அப்போது கைகொடுக்க வந்தது வாராந்த நுண்கடன். அந்தக் கடனின் கதை எப்படி முடிந்தது என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. வீட்டுக்காரரே கட்டும் முறையில், முதல் தவணைக்கு முன் ஊரிலேயே ஒருநாள் உட்கார்ந்து, இந்தப் பணத்துக்கு எத்தனை சதுர அடி வரும் என்று கயிறு பிடித்து அளந்து காட்டும் ஆள் ஒருவர் அவசியம்.

உருக்கு வீடுகளை ஏன் எதிர்த்தோம்? கிடைத்ததை வாங்கியிருக்கலாமே?

2015ஆம் ஆண்டுக்குப் பின், வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 முன்தயாரிப்பு உருக்கு வீடுகள் அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டின் விலை முதலில் 21 இலட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதே பணத்தில் கல்லும் சீமெந்தும் கொண்டு இரண்டு வீடுகள் கட்டலாம் என்று பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் உருக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது ஒரு கேள்வி. உள்ளூர் மேசனுக்கும் தச்சருக்கும் கல் அரியும் தொழிலாளிக்கும் அதில் ஒரு ரூபாய்கூடச் சேராது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. திட்டம் கைவிடப்பட்டது. கிடைத்ததை வாங்கியிருக்கலாம் என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள், தகரக் கொட்டிலில் மாரியைக் கழிப்பவர் அப்படிக் கேட்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எதிர்த்தவர்கள் மாற்றுத் திட்டத்துக்கும் அதே வேகத்தில் நின்றிருக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் மாதிரிக் கிராம வீடுகளுக்கு என்ன வழி?

2015க்கும் 2019க்கும் இடையில் மாதிரிக் கிராமங்கள் என்ற பெயரில் நாடெங்கும் வீடுகள் தொடங்கப்பட்டன. 2019 இறுதியில் ஆட்சி மாறியது. புதிய அரசு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் 14,022 வீடுகள் கொண்ட தனது திட்டத்தைத் தொடங்கியது. முந்திய திட்டத்தின் தவணைகள் பல இடங்களில் நின்றுபோயின. அதற்குப் பின் 2022இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இரு மாவட்டங்களிலும் கூரையில்லாச் சுவர்கள் மழையில் பாசி படிந்து நிற்பது இதன் விளைவு.

எந்த அரசு தொடங்கினாலும் அது குடிமகனோடு செய்த உடன்படிக்கை. பெயர்ப் பலகையை மாற்றட்டும், தவணையை நிறுத்தக் கூடாது. அரைகுறை வீட்டை முடிக்கும் செலவு புது வீட்டின் செலவில் ஒரு பங்குதான் என்பதால், புதிய திட்டம் எதுவானாலும் அதன் முதற் பகுதியை முடியாத வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுவில் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு வீடும் எந்த மட்டத்தில் நிற்கிறது என்ற பட்டியலைச் சங்கமே தயாரித்துக் கையில் கொடுத்தால், ‘விபரம் திரட்டுகிறோம்’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

பணம் வந்தும் வேலை முடிவதில்லையே?

நம் நாட்காட்டியும் திறைசேரியின் நாட்காட்டியும் ஒத்துவராததே பெருங்காரணம். வரவுசெலவு ஆண்டு தையில் தொடங்குகிறது. ஒதுக்கீடு மாவட்டத்துக்கு வந்து, பட்டியல் தீர்ந்து, முதல் தவணை கைக்கு வர ஆடி ஆவணி ஆகிறது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்கிறது. அத்திவாரக் குழிக்குள் தண்ணீர், மணல் ஏற்றும் உழவு இயந்திரம் சேற்றில், மேசனோ வயலில். பங்குனியில் அத்திவாரம், ஆனியில் சுவர், ஆவணிக்குள் கூரை என்பது கிழக்கின் கட்டட காலம். இதைப் புரிந்த பிரதேச செயலாளர் ஒருவர் முந்திய கார்த்திகையிலேயே பட்டியலையும் காணிப் பத்திரங்களையும் தயார் செய்து வைத்திருந்தால், அந்தப் பிரிவில் மட்டும் வீடுகள் முடிந்துவிடும். அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டால், அடுத்த ஆண்டு பழையபடிதான்.

காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் காணியே இல்லையே? மாடிக் குடியிருப்புத்தானா வழி?

நகர அபிவிருத்தி விதிகளின்படி ஒரு துண்டுக் காணி பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. இந்த ஊர்களில் மூன்று மகள்களுக்குப் பிரித்த வளவு எப்போதோ அதற்குக் கீழே போய்விட்டது. மேற்கே வயல். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி தேவை, அது இலகுவில் கிடைக்கவும் கூடாது. மழைநீர் வடிந்து நிற்கும் இடம் அதுதான். நிரப்பியவர் வீட்டில் தண்ணீர் நிற்காது, அயலவர் வீட்டில் நிற்கும்.

எனவே மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி குறைவு. ஆனால் பத்து மாடிக் கோபுரம் நமக்கு ஒத்துவராது. மின்தூக்கி பழுதானால் யார் திருத்துவது, பொது மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற சண்டையைக் கொழும்பின் தொடர்மாடிகளில் பார்த்திருக்கிறோம். தாயின் வளவிலேயே கீழே ஒரு மகள், மேலே ஒரு மகள் என்று இரண்டு மூன்று தட்டுகளாகக் கட்டுவதை மக்கள் தாங்களாகவே தொடங்கிவிட்டார்கள். அதற்கேற்ற அத்திவார வரைபடத்தை இலவசமாகக் கொடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் தனி உறுதி எழுதும் வழியை மாநகர சபைகளும் நகர சபைகளும் எளிதாக்கிக் கொடுத்தால், அரசு ஒரு கல்லும் வைக்காமலேயே பல வீடுகள் சட்டப்படியானவை ஆகும்.

வீடு வந்தால் ஊர் தானாக மீண்டெழாதா?

எழாது. 2007இல் இடம்பெயர்ந்து திரும்பிய, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்கள் இதற்குச் சாட்சி. வீடு வந்த பிறகும், பிரசவ வலி கண்ட பெண்ணை வாவி கடந்து கொண்டுபோகப் படகுப்பாதையைத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, அதன் இரு பக்கத்து வளவுகளின் மதிப்பும் பிள்ளைகளின் படிப்பும் மாறின. அது வீடமைப்புச் செலவு அல்ல, ஆனால் எந்த வீட்டுத்திட்டத்தையும்விட அந்த வீடுகளை வாழத்தக்கவை ஆக்கியது. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் யானை வேலி இல்லாத கிராமத்தில் நெல்மூடை அடுக்கிய வீட்டின் சுவருக்கு என்ன உறுதி? குடிநீர், யானை வேலி, பேருந்து, ஆரம்ப பாடசாலையில் ஆசிரியர் என்ற வரிசையில் எது முதலில் வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

மாகாண சபை இல்லாத நிலையில் யாரிடம் போவது?

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி வீடமைப்பும் நிர்மாணமும் மாகாணப் பட்டியலில் உள்ள விடயம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபையின்றி ஆளுநரே நிருவாகம் பார்த்துவந்தார். உள்ளூராட்சி சபைகளில் பெரும்பாலானவையும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6இல் நடந்த தேர்தலுக்குப் பின்னரே மீண்டும் கூடின. சோலை வரி (வீடு, வளவுக்கான வரி) வாங்கும் சபைக்கு வீதி, வடிகான், கழிவகற்றல், கட்டட அனுமதி ஆகியவற்றில் உள்ள பொறுப்பு சிறிதல்ல. புதிய வீட்டுத்திட்டத்துக்குள் வடிகான் போட நிதியில்லை என்று சபை சொன்னால், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதைச் சேர்க்கும்படி ஆவணி, புரட்டாதியிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். மார்கழியில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

பட்டியலில் என் பெயர் இல்லை. காரணமும் சொல்கிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்?

முதலில், பட்டியல் ஒட்டப்பட்ட நாளிலிருந்து ஆட்சேபத்துக்குக் கொடுக்கப்பட்ட கால எல்லைக்குள் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டாம், அது முறைப்பாடாகிவிடும், அதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இந்தத் திட்டத்துக்கான தெரிவு விதிகளின் பிரதி, நமது கிராம உத்தியோகத்தர் பிரிவின் புள்ளிப் பட்டியல், அதை அங்கீகரித்த கூட்டத்தின் அறிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும் (மேன்முறையீட்டைப் பார்ப்பதற்கென நியமிக்கப்பட்டவர்), அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் தமிழில் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை.